புத்தளக் கரையோரத்துத் தாரா இனங்கள்: உச்சமுனை முதல் ஆனைவிழுந்தான் வரை

இலங்கையின் வடமேற்குக் கரையிலே கற்பிட்டிக் குடாநாடு வடதிசை நோக்கி ஒடுங்கி நீண்டு கிடக்கின்றது. குடாநாடு முடியும் இடத்திற்கு அப்பாலும் நிலம் முற்றாக மறைந்துவிடுவதில்லை. சிறு தீவுகளும் மணற்றிட்டுக்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்கின்றன. அவற்றுள் ஒன்றே உச்சமுனை. அதன் மேற்கே இந்து சமுத்திரம்; கிழக்கே ஆழங்குறைந்த குடாநீர்; அந்நீருக்கு அப்பால் வில்பத்துக் காடு. மீனவர் வாடிகளும், கண்டல் மரங்களும், உவர்நிலப் பூண்டுகளும், மணலை அகழ்ந்தால் ஊறும் நன்னீரும் இத்திட்டின் அடையாளங்களாகும்.

இக்கரையைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பெரும்பாலும் மீன், உப்பு, முத்து ஆகியவற்றையும் வணிக வரலாற்றையும் பற்றியனவே. 1344இல் இப்பகுதிக்கு வந்த இபின் பதூதாவின் குறிப்புக்களும், பொம்பரிப்பின் தாழிக்காடும், கற்பிட்டியிற் பிறந்து 1859இல் 'தமிழ் புளூராக்' என்னும் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்ட சைமன் காசிச்செட்டியின் பணியும் நமது ஆய்வாளரின் கவனத்தைப் பெற்றுள்ளன. ஆயின் இதே நீர்ப்பரப்பிலே ஆண்டுதோறும் ஐப்பசி முதற் பங்குனி வரை தங்கிச் செல்லும் புள்ளினங்கள் நமது எழுத்திற் போதிய இடம்பெறவில்லை. அன்னத்தைப் பற்றி ஆயிரக்கணக்கிற் செய்யுள் இயற்றிய ஒரு மொழியிலே, கண்முன் நீந்தும் தாராக்களைப் பற்றிய அறிவு இவ்வாறு மெலிந்து கிடப்பதற்குக் காரணம் என்ன என்பதும் ஆராயத்தக்கதே. இக்கட்டுரை, புத்தள மாவட்ட ஈரநிலங்களிற் காணப்படும் தாரா, வாத்து, அன்னம் ஆகிய இனங்கள் எவை, அவை இங்கு வருவதற்கும் வாராமைக்கும் காரணங்கள் எவை, அவற்றின் வாழ்வு இக்கரையில் வாழும் மக்களின் வாழ்வோடு எவ்வாறு பிணைந்துள்ளது என்பவற்றை விளக்க முற்படுகின்றது.

1. களம்

புத்தளக் களப்பு ஏறக்குறைய 32,700 எக்டேயர் பரப்புடையது. பரப்பிற் பெரிதாயினும் ஆழத்திற் சிறியது. பெரும்பகுதியில் ஒரு மனிதன் நின்றால் நீர் தலைக்கு மேலே செல்லாது. வடக்கே கடலோடு கலக்கும் இக்களப்பிற்குக் கலா ஓயாவும் மீ ஓயாவும் நன்னீரைக் கொண்டுவருகின்றன. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களின் மழையால் ஆறுகள் பெருகும்போது களப்பின் உவர்ப்புக் குறைகின்றது. வைகாசி முதல் நீளும் வறட்சிக் காலத்திலே, கடலினின்றும் தொலைவில் உள்ள தென்பகுதி நீர் ஆவியாகிக் கடல்நீரினும் கூடிய உவர்ப்பை அடைகின்றது. பாலாவியில் உப்பு விளைவதும் இவ்வியல்பினாலேயே.

களப்பின் அடித்தளத்திலே பரந்த கடற்புற்படுக்கைகள் உள்ளன. கரையோரங்களிற் கண்டற்காடும், அதன் பின்னே உவர்ச்சதுப்பும், வற்றுக்காலத்தில் வெளிப்படும் சேற்றுவெளியும் அமைந்துள்ளன. களப்பிற்குக் கிழக்கே உள்நாட்டிற் செல்லச் செல்ல மூவகை நன்னீர்நிலைகள் தென்படுகின்றன. முதலாவது, மழைநீர் தேங்கும் இயற்கைப் பள்ளங்களாகிய 'வில்லு'கள். வண்ணாத்திவில்லு என்னும் ஊர்ப்பெயரிலும் வில்பத்து என்னும் காட்டுப்பெயரிலும் இச்சொல் நிலைத்துள்ளது. வில்லுகளுட் சில உவர்ப்புடையன என்பதும் குறிப்பிடத்தக்கது. இரண்டாவது, மக்கள் கட்டிய குளங்கள். தப்போவைக் குளமும், சிலாபத்திற்கு வடக்கேயுள்ள ஆனைவிழுந்தான் குளத்தொடரும் இவ்வகையின. மூன்றாவது, அக்குளங்களாற் பாயும் நெல்வயல்.

உவர்நீர், கலப்புநீர், நன்னீர் ஆகிய மூன்றும் ஒரு தாரா ஓரிரவிற் பறந்து கடக்கக்கூடிய எல்லைக்குள் அமைந்திருப்பதே இம்மாவட்டத்தின் சிறப்பாகும். பகலில் களப்பின் திறந்த நீரில் ஓய்ந்திருக்கும் கூட்டம், இருள் சூழ்ந்ததும் வயலுக்கும் குளத்திற்கும் இரைதேடிச் செல்லலாம். ஆகவே இங்குள்ள நீர்நிலைகளைத் தனித்தனியாக எடுத்து மதிப்பிடுதல் பொருந்தாது. அவை ஒரே தொகுதியின் உறுப்புக்களாகும்.

2. தாரா என்பது யாது?

தாரா, வாத்து, அன்னம் என்னும் மூன்றும் விலங்கியலில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. விரல்களை இணைக்கும் தோல்மடிப்பு, நீர் ஒட்டாத இறகுப்போர்வை, தட்டையான அலகு ஆகியன இக்குடும்பத்தின் பொதுப்பண்புகள். அலகின் உள்விளிம்பிலே சீப்பின் பற்கள் போன்ற நுண்ணிய தகட்டு வரிசைகள் உள்ளன. நீரையும் சேற்றையும் வாயில் எடுத்து, நாவினால் அழுத்தி வெளியேற்றும்போது, வித்துக்களும் சிறு பூச்சிகளும் நத்தைகளும் இத்தகடுகளிலே தங்கிவிடுகின்றன. வாத்துக்களில் இத்தகடுகள் புல்லைக் கொய்வதற்கேற்ப உரம்பெற்றுள்ளன.

நீரில் நீந்துவன யாவும் தாராக்கள் அல்ல. களப்பிலே மூழ்கி மீன்பிடிக்கும் நீர்க்காகம் வேறு குடும்பத்தது. தாமரைக்குளத்தில் நீந்தும் நாமக்கோழி, கானாங்கோழியின் உறவினது. பூநாரையின் அலகும் நீரை வடித்து உண்பதற்கேற்ப அமைந்திருத்தலால், முன்னைய அறிஞர் சிலர் அதனைத் தாரா இனத்தோடு உறவுபடுத்தினர். பிற்கால மரபணு ஆய்வுகளோ பூநாரைக்கு மிக நெருங்கிய உறவு முக்குளிப்பான் என்று நிறுவியுள்ளன. ஒரே தொழிலைச் செய்யும் உறுப்புக்கள் வெவ்வேறு மரபுகளில் தனித்தனியே தோன்றலாம் என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

3. வதியும் இனங்கள்

ஆண்டு முழுவதும் இங்கு வதிந்து இனம்பெருக்குவனவற்றுள் முதலிடம் பெறுவது சீழ்க்கைச் சிறகி. மங்கிய செம்பழுப்பு நிறமுடைய இப்பறவை, பறக்கும்போது எழுப்பும் சீழ்க்கையொலியாற் பெயர்பெற்றது. ஆணும் பெண்ணும் தோற்றத்தில் ஒத்தவை. குஞ்சுகளைப் பேணுவதிலும் இரண்டும் பங்குகொள்கின்றன. மரப்பொந்திலோ, பிற பறவை கைவிட்ட கூட்டிலோ, நீரோரப் புற்றரையிலோ முட்டையிடும். பகலிற் பெரும்பாலும் ஓய்ந்திருந்து இரவிலே வயல்களில் இரைதேடுவது இதன் வழக்கம். விதைநெல்லைத் தின்பதால் உழவர் இதனை விரட்டுவதுண்டு. ஆயின் அதே பறவை நத்தைகளையும் புழுக்களையும் களைப்பூண்டுகளின் வித்துக்களையும் உண்கின்றது. இழப்பை மாத்திரம் எண்ணிப் பயனை எண்ணாதுவிடுதல் முறையான கணக்காகாது.

இரண்டாவது, குள்ளத்தாரா. உலகின் மிகச் சிறிய நீர்ப்பறவையினங்களுள் ஒன்றான இதனை ஆங்கிலேயர் வாத்தின் பெயரால் அழைத்தனர். அலகின் வடிவிலேயன்றி வேறெதிலும் இது வாத்தன்று. ஆண்பறவையின் வெண்ணிற உடலும், பசுமை மின்னும் சிறகும், கழுத்திலுள்ள கரிய வளையமும் இதனை எளிதில் இனங்காட்டும். ஆம்பலும் தாமரையும் படர்ந்த நன்னீர்க்குளமே இதன் வீடு; மரப்பொந்தே இதன் கூடு. எனவே குளத்து இலைத்தாவரங்களை முற்றாக அகற்றினாலும், கரையிலுள்ள முதுமரங்களை வெட்டினாலும் இவ்வினம் அங்கு நிலைக்காது.

மூன்றாவது, புள்ளிமூக்குத் தாரா. கரிய அலகின் நுனியில் மஞ்சளும், அடியில் ஆண்பறவைக்குச் செம்புள்ளியும் உடையது. இலங்கைக்கு அருமையாக வரும் பறவை என்றே முன்னையோர் இதனைக் கருதினர். பின்னர் மன்னார் முதலிய வடபகுதிகளில் இது இனம்பெருக்குவது உறுதியாயிற்று.

இதற்கு மாறான வரலாறு கொண்டை வாத்தினுடையது. ஆண்பறவையின் அலகின்மீது தசைக்கொண்டை எழுந்து நிற்கும் இப்பெரும்பறவை 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் வதிந்துவந்தது. 20ஆம் நூற்றாண்டில் இங்கு இனம்பெருக்கும் பறவையாக அது அற்றுப்போயிற்று. இந்தியாவில் இன்றும் வாழ்கின்ற இப்பறவை, வழிதவறி அருமையாக இங்கு தோன்றுவதுண்டு. இதற்கும் பெரிய மரப்பொந்துகள் வேண்டும். அகன்ற நன்னீர் வேண்டும். வேட்டைக்காரரின் துப்பாக்கியினின்றும் விடுதலை வேண்டும். பிரித்தானியர் ஆட்சிக்காலத்திலே உத்தியோகத்தரும் தோட்டத்துரைமாரும் தாராவையும் உள்ளானையும் சுட்டு வீழ்த்துவதை விளையாட்டாகக் கொண்டிருந்தனர் என்பதை அக்காலத்தவரின் குறிப்புக்களே காட்டும்.

4. வருகை தரும் இனங்கள்

வடபுலத்திலிருந்து ஆண்டுதோறும் வரும் தாராக்களுள் நால்வகை குறிப்பிடத்தக்கன. அவற்றுள் தொகையில் மிக்கது நீலச்சிறகி. ஆணின் கண்ணுக்கு மேலே பிறைபோன்ற வெண்கோடு உண்டு. ஏறக்குறைய 300 முதல் 400 கிராம் வரை நிறையுடைய இச்சிறுபறவை, மேற்கு ஐரோப்பா முதல் கிழக்காசியா வரை பரந்த நிலப்பரப்பிலே இனம்பெருக்கி, குளிர்காலத்தில் ஆபிரிக்காவுக்கும் தெற்காசியாவுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் செல்கின்றது. ஊசிவால் தாரா நீண்ட கழுத்தும் கூரிய வாலும் உடையது. தலையை நீருள் அமிழ்த்தி வாலை மேலே நிறுத்தி, ஏனைய தாராக்களுக்கு எட்டாத ஆழத்திலிருந்து உணவெடுக்கும். நாமத்தலைத் தாரா, நெற்றியில் இளமஞ்சள் நாமம் தரித்தது, புல்லை மேய்வது, ஆகவே கடற்புற்படுக்கைகளும் உவர்ச்சதுப்பும் அதற்கு இன்றியமையாதன. தட்டைவாயன் என்னும் ஆண்டித்தாரா அகப்பைபோன்ற அகன்ற அலகினால் நீரின் மேற்பரப்பை வடித்து உண்கின்றது.

நான்கும் ஒரே நீரில் ஒருங்கே காணப்படினும் அவற்றினிடையே பெரும்போட்டி நிகழாமைக்குக் காரணம் இப்போது புலனாகும். ஒன்று மேற்பரப்பை வடிக்கின்றது. ஒன்று அடித்தளத்தைத் துழாவுகின்றது. ஒன்று புல்லை மேய்கின்றது. ஒன்று கரையோர ஆழமற்ற நீரில் வித்துக்களைப் பொறுக்குகின்றது. அலகும் கழுத்தும் வேறுபட்டமையால் ஒரு களப்பு நான்கு களப்புக்களாகப் பயன்படுகின்றது. இந்நான்கினையன்றிக் கிளுவை முதலிய வேறு சிலவும் அருமையாக வருவதுண்டு.

இவை இத்துணைத் தொலைவு பறப்பதேன்? குளிருக்கு அஞ்சி என்பது முழுமையான விடையாகாது. இறகுப்போர்வை கடுங்குளிரையும் தாங்கவல்லது. வடபுல நீர்நிலைகள் உறைந்ததும் உணவு பனிக்கட்டியின் கீழே அடைபட்டுவிடுவதே அடிப்படைக் காரணம். அதே காலத்திலேதான் புத்தளத்து வில்லுகளும் குளங்களும் வடகீழ்ப்பருவ மழையால் நிறைகின்றன. வட அரைக்கோளத்தின் பனிக்காலமும் இலங்கை உலர்வலயத்தின் மழைக்காலமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. இப்பொருத்தமே வலசையின் பொருளியல் எனலாம். பங்குனி, சித்திரையில் இங்கு நீர் வற்றத் தொடங்க, வடக்கே பனி உருகுகின்றது; பறவைகளும் புறப்படுகின்றன.

இலங்கைக்கு வரும் வழிகளுள் மேற்கு வழி இந்தியாவின் மேற்குப் புறமாக வந்து மன்னார், புத்தளக் கரைகளை அடைகின்றது. மத்திய ஆசியப் பறப்புவழி என்று அழைக்கப்படும் பெருந்தொகுதியின் தென்கோடியில் இக்கரை அமைந்துள்ளது. 2020இல் மன்னாரிலே செய்மதிக் கருவி பொருத்தி விடப்பட்ட கடற்காகம் ஒன்று வட ருஷ்யாவின் யமால் குடாநாடு வரை சென்று மீண்டமை, இக்கரைக்கும் ஆட்டிக் பகுதிக்கும் உள்ள தொடர்பை ஐயத்துக்கிடமின்றிக் காட்டிற்று. கொழும்புப் பல்கலைக்கழகத்தை நிலைக்களமாகக் கொண்டு 1976இல் தோன்றிய கள பறவையியற் குழுவினர் சீன அறிஞருடன் இணைந்து இம்முயற்சியை மேற்கொண்டனர்.

5. வாத்தும் அன்னமும்

மேற்கூறிய இனங்களுள் உண்மையான வாத்து ஒன்றும் இடம்பெறவில்லை. வாத்தினங்கள் இலங்கைக்கு வழக்கமாக வருவன அல்ல. வழிதவறி அருமையாகத் தோன்றுவன மாத்திரமே. இதற்குக் கடல் தடையாக இருந்தது என்று கூற இயலாது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலுள்ள நீர் ஏறக்குறைய 30 கிலோமீற்றரே. திபெத்து, மொங்கோலியா முதலிய உயர்நிலங்களில் இனம்பெருக்கும் வரித்தலை வாத்தோ இமயத்தையே கடந்து வருகின்றது. அது ஏறத்தாழ 7,290 மீற்றர் உயரத்திற் பறந்தமை செய்மதிக் கருவிகளாற் பதிவாகியுள்ளது. அத்தகைய பறவை திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் வரை வந்து அங்கேயே தங்கிவிடுகின்றது. குளங்களைச் சூழ்ந்த அகன்ற பசும்புல்வெளியும் அறுவடை முடிந்த வயலுமே அதற்கு வேண்டுவன. அவை தென்னிந்தியாவிலேயே கிடைக்கும்போது மேலும் தெற்கே செல்லவேண்டிய தேவை எழுவதில்லை. ஒரு பறவையின் எல்லையை அதன் பறக்கும் ஆற்றலைவிட அதன் உணவே தீர்மானிக்கின்றது என்பதற்கு இது சான்றாகும்.

அன்னத்தின் நிலை இன்னும் தெளிவானது. ஆங்கிலேயர் 'சுவான்' என்று வழங்கும் வெண்ணிறப் பெரும்பறவை இலங்கையின் இயற்கைப் பறவைகளுள் அடங்காது. இந்திய உபகண்டத்திலும் அதன் வடமேற்கு எல்லைப்புறத்திலே மிக அருமையாகவே அது தோன்றியுள்ளது. அவ்வாறாயின் நமது இலக்கியத்து அன்னம் எது? வடமொழியின் 'ஹம்ஸ' என்பது வாத்தே என்னும் கருத்தினை ஒல்லாந்த அறிஞர் வோகெல் 1962இல் வெளிவந்த தமது நூலிலே விரிவாக நிறுவினார். அநுராதபுரத்துச் சந்திரவட்டக்கற்களில் வரிசையாகச் செல்லும் 'ஹம்ஸ'ங்களின் குறுகிய கழுத்தையும் தடித்த உடலையும் நோக்குவோர், அவற்றைச் செதுக்கிய சிற்பி வாத்தினத்தையே கருத்திற் கொண்டிருந்தான் என்பதை உணர்வர்.

புறநானூற்றின் 67ஆம் பாட்டு இவ்விடத்திற் சிந்திக்கத்தக்கது. பிசிராந்தையார் கோப்பெருஞ்சோழனுக்குத் தூதுவிடும் அன்னச்சேவல், குமரித்துறையில் அயிரைமீனை உண்டு வடமலைக்குப் பெயர்வதாகக் கூறப்படுகின்றது. பாட்டிலுள்ள திசை முக்கியமானது. தென்கோடியில் இரையுண்டு வடமலை நோக்கிச் செல்லும் நீர்ப்பறவை என்பது வலசையை நேரிற் கண்ட சமூகத்தின் அறிவாகும். ஆயின் வரித்தலை வாத்தோ புல்மேய்வது. மீனுண்பது அதன் இயல்பன்று. எனவே பாட்டின் அன்னத்தை ஒரே இனத்தோடு முற்றாகப் பொருத்துதல் இயலாது. உற்றுநோக்கிப் பெற்ற செய்திகளும் புலவர் மரபும் அங்கே ஒன்றுகலந்துள்ளன என்பதே பொருத்தமான முடிபாகும்.

பிற்கால இலக்கியத்திலே இவ்வுற்றுநோக்கு மறைந்து, மரபு மாத்திரம் எஞ்சிற்று. அன்னம் நடைக்கு உவமையாயிற்று. பாலையும் நீரையும் பிரிக்கும் அற்புதப் பறவையாயிற்று. நீரைப் புறந்தள்ளி உணவை மாத்திரம் கொள்ளும் அலகு தாரா இனத்துக்கு உண்டு என்பதை மேலே கண்டோம். அவ்வியல்பை ஒருவர் கண்டிருந்தால், அதனினும் வியப்பான கதை தேவைப்பட்டிராது. அரசவையிலும் மடத்திலும் வளர்ந்த புலமை குளக்கரையை விட்டு விலகியபோது, பறவை உருவகமாகச் சுருங்கியது.

6. பெயர்களின் நிலை

இலங்கைத் தமிழ்ப் பேச்சுவழக்கிலே 'தாரா' என்பதும் 'வாத்து' என்பதும் வேறுபட்டவை. சிறியது தாரா, கழுத்து நீண்ட பெரியது வாத்து. மலையாளத்திலும் 'தாறாவு', 'வாத்து' என்னும் இவ்வேறுபாடு நிலவுகின்றது. தமிழ்நாட்டு எழுத்துவழக்கில் 'வாத்து' என்பதே இரண்டிற்கும் பொதுப்பெயராகிவிட்டது. அவ்வெழுத்துவழக்கைப் பின்பற்றும் நூல்களாலும் மொழிபெயர்ப்புக்களாலும் நமது வேறுபாடு மங்கி வருகின்றது. மக்கள் வழக்கில் உள்ள நுட்பமான ஒரு பாகுபாட்டை அறிவியல் எழுத்து அழித்துவிடுவது விரும்பத்தக்கதன்று.

1878 முதல் 1880 வரை வெளிவந்த தமது பெருநூலிலே இலங்கைப் பறவைகளை விவரித்த லெக் என்னும் பிரித்தானியப் படையதிகாரி, சிங்கள, தமிழ்ப் பெயர்களையும் இயன்றவிடத்துக் கேட்டுக் குறித்தார். வேட்டைக்காரரும் மீனவரும் உழவருமே அப்பெயர்களை அவருக்கு வழங்கியிருத்தல் வேண்டும். 'சிறகி', 'கிளுவை', 'ஊசிவால்' போன்ற பெயர்கள் பறவையின் தோற்றத்தையும் இயல்பையும் சுருக்கமாக உணர்த்துவன. இவற்றைச் சேர்க்கும் பணி மொழியியலாளர்க்கும் விலங்கியலாளர்க்கும் பொதுவானது. உச்சமுனை வாடியிலும் தப்போவை வயலிலும் தொடங்கவேண்டியது.

7. குளமும் உழைப்பும்

ஆனைவிழுந்தான் 2001இல் ராம்சார் சாசனத்தின் கீழ்ச் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. வில்பத்து ஈரநிலத் தொகுதி 2013இல் இந்நிலையை எய்தியது. இவ்விரண்டையும் 'இயற்கை' என்னும் ஒரே சொல்லால் அழைப்பது வழக்கம். ஆயின் ஆனைவிழுந்தான் குளங்கள் ஏறக்குறைய 12ஆம் நூற்றாண்டிலிருந்து மக்கள் கட்டிப் பேணிவந்தவை. ஒரு குளத்தின் மிகைநீர் அடுத்த குளத்துக்குச் செல்லுமாறு தொடராக அமைக்கப்பட்டவை. வில்பத்தின் காடுகளிடையேயும் பண்டைக் குளங்களின் எச்சங்கள் காணப்படுகின்றன. குள்ளத்தாரா நீந்தும் ஆம்பற்குளம், பெயர் பதிவுபெறாத உழவரின் மண்வெட்டியால் உண்டானது. கட்டு உடைந்தால், துருசு தூர்ந்தால், அயல் வயல் தரிசானால், அந்நீர்நிலையின் தன்மையே மாறிவிடும்.

ஆகவே மனிதரை விலக்கிவிட்டால் பறவை தானே பெருகும் என்னும் கருத்து உலர்வலயத்தைப் பொறுத்தவரை முழுமையான உண்மையன்று. எவ்வகையான மனிதச் செயல், யாருடைய நலனுக்காக நிகழ்கின்றது என்பதே வினா. குளத்தைப் பேணும் கூட்டுழைப்பு ஈரநிலத்தை ஆக்குகின்றது. விரைந்த இலாபத்துக்காக அதே நிலத்தைத் தனியுடைமையாக்கும் முயற்சி அதனை அழிக்கின்றது.

8. மாற்றங்களும் அபாயங்களும்

1980களில் இம்மாவட்டக் கரையோரத்தில் இறால் வளர்ப்பு வேகமாகப் பரவியது. கண்டற்காடும் உவர்ச்சதுப்பும் வெட்டப்பட்டுக் குளங்களாக்கப்பட்டன. நெருக்கமாக அமைந்த பண்ணைகள் ஒரே நீரை எடுத்து, கழிவையும் அதே நீரில் விட்டமையால் நோய் எளிதிற் பரவியது. 1980களின் இறுதியிலும் 1996ஐ ஒட்டிய ஆண்டுகளிலும் ஏற்பட்ட வைரசு நோய்களாற் பண்ணைகள் பல கைவிடப்பட்டன. இலாபம் சிலரைச் சேர்ந்தது. உவர்ப்பேறிய வெற்றுக்குழிகள் ஊருக்கு எஞ்சின. இவ்வனுபவத்தின் பின்னரும், 2020இல் ஆனைவிழுந்தான் சரணாலயத்துக்குள்ளேயே கனரக இயந்திரத்தாற் கண்டல்நிலம் அழிக்கப்பட்டபோது நாடெங்கும் கண்டனம் எழுந்தது.

கற்பிட்டியின் மணல்நிலத்தில் நடைபெறும் செறிந்த மரக்கறி, வெங்காயச் செய்கையின் உரம் நிலத்தடிநீரில் நைத்திரேற்றை மிகுவித்துள்ளது. நுரைச்சோலையில் 2011இல் இயங்கத் தொடங்கி 2014இல் 900 மெகாவாற்று அளவை எட்டிய நிலக்கரி மின்நிலையம் இக்கரையின் தோற்றத்தையே மாற்றிற்று. பறவைவழியில் காற்றாலைகளை நிறுவுதல் பற்றிய வழக்கும் அண்மைக்காலத்தது. மன்னாரில் திட்டமிடப்பட்ட பெருந்திட்டமொன்றுக்கு எதிராக 2024இல் சூழலமைப்புக்கள் உயர்நீதிமன்றத்தை நாடின. 2025 பெப்ரவரியில் அந்நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது. மாசற்ற மின்வலு தேவை என்பதில் ஐயமில்லை. அதனை எவ்விடத்தில் நிறுவுவது என்பதைப் பறவைகளின் வழியறிந்து தீர்மானிக்கலாம் என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது.

உச்சமுனையைப் பொறுத்தவரை மிகப்பெரும் வினா நிலம் பற்றியது. 2000ஆம் ஆண்டுகளின் பிற்பாதியிலே, உச்சமுனை உட்பட 14 தீவுகளை உள்ளடக்கிய கற்பிட்டி உல்லாசப் பயண வலயத் திட்டம் முன்வைக்கப்பட்டது. இத்தீவுகளிற் பருவத்துக்குப் பருவம் வாடியமைத்து மீன்பிடிப்போர் பலருக்கு நிலவுறுதிகள் இல்லை. வழிவழி வந்த பயன்பாடே அவர்களது உரிமை. காற்றின் திசை மாறக் கரைமாறும் மீனவர், சட்டத்தின் கண்ணுக்கு எங்கும் நிலையாகக் குடியிராதவர் ஆகிவிடுகின்றனர். மீனவர் அமைப்புக்கள் இத்திட்டத்தை எதிர்த்தமைக்கு இதுவே அடிப்படை. வலசைப் பறவைக்கு வரும் இடர்ப்பாடும் இதனை ஒத்ததே. ஆண்டில் ஆறு மாதம் வெறுமையாகத் தோன்றும் சேற்றுவெளியை 'பயனற்ற நிலம்' என்று ஆவணம் குறிக்கின்றது. எஞ்சிய ஆறு மாதம் அது எவருக்கு உயிர்நிலையாக உள்ளது என்பதை ஆவணம் அறியாது.

இப்பகுதியின் நெருக்கடியை வறியோரின் தலையிற் சுமத்தும் போக்கும் கவனிக்கத்தக்கது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடமாகாணத்தினின்றும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுட் பெரும்பகுதியினர் புத்தள மாவட்டத்தில் தஞ்சமடைந்தனர். மன்னார்த் தீவிலிருந்து படகேறிக் கற்பிட்டியில் இறங்கியோர் பலர். குடித்தொகை பெருகியதால் நீரும் விறகும் நிலமும் நெருக்கடிக்குள்ளாயின என்பது உண்மை. ஆயின் அம்மக்கள் தாமாக விரும்பி வந்தவரல்லர். கண்டல்நிலத்தைப் பேரளவில் அழித்த முதலீடு அவர்களுடையதும் அன்று.

9. முடிவுரை

புத்தளக் கரையின் தாரா இனங்களைப் பேணுதல் என்பது பறவைப் பிரியரின் பொழுதுபோக்கன்று. கடற்புற்படுக்கை அழியாதிருந்தால் நாமத்தலைத் தாராவுக்கு மேய்ச்சல் உண்டு. அதே படுக்கையிலேதான் இறாற்குஞ்சும் மீன்குஞ்சும் வளர்கின்றன. குளக்கட்டு உறுதியாயிருந்தால் குள்ளத்தாராவுக்கு ஆம்பல் உண்டு. உழவனுக்கு நெல் உண்டு. கண்டல் நின்றால் பறவைக்கு ஒதுக்கிடம் உண்டு. வாடிக்குப் புயற்காப்பு உண்டு. ஒன்றன் இழப்பு மற்றொன்றன் இழப்பாகும்.

நடைமுறையிற் செய்யத்தக்கன சில உண்டு. ஆண்டுதோறும் தை மாதத்தில் நிகழும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் களப்போர மீனவரும் பாடசாலை மாணவரும் பங்குகொள்ளுமாறு செய்தல் வேண்டும். கைவிடப்பட்ட இறால் குளங்களின் வரம்புகளை உடைத்து நீரோட்டத்தை மீட்டு, கண்டலை மீளவளர்த்தல் வேண்டும். தீவுகளின் பருவகாலப் பயன்பாட்டுரிமையைச் சட்டம் ஏற்றல் வேண்டும். தாராவும் வாத்தும் வேறு என்று அறிந்த பேச்சுவழக்கைப் பாடநூல்கள் ஏற்றல் வேண்டும். இவை நிகழுமாயின், அன்னத்தைப் பாடிய மொழி நீலச்சிறகியையும் அறிந்த மொழியாகும். வாடைக்காற்றோடு உச்சமுனைக் குடாவில் வந்திறங்கும் அக்கூட்டத்துக்கு, இறங்குவதற்கு நீரும் இருக்கும்.